ஸ்டேஷன் மாஸ்டர் மீது ஒரு பிராது

ஏரிநத்தம் ரோடு ஸ்டேஷனில் கட்டடம் இருக்கிறது, தண்டவாளம் இல்லை. விருத்தாசலத்திலிருந்து மேற்கே போன மீட்டர் கேஜ் பாதையில், வெள்ளைக்காரக் கம்பெனி ரயில் ஓட்டிய காலத்தில் கட்டியது. கருங்கல் அடித்தளம், செங்கல் வளைவு மூன்று, இரும்புத் தூண் ஆறு, மேலே ஓட்டுக்கூரை. ஏரிநத்தம் கிராமம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பெயரோடு ‘ரோடு’ சேர்ந்துகொண்டது. கிராமத்தை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி ஸ்டேஷன் வைத்ததற்குக் காரணம் ஒரு கிணறு. சுற்றுவட்டாரம் முழுக்க உப்புத் தண்ணீர். அந்த ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். கரி எஞ்சின்கள் அங்கே நின்று தண்ணீர் பிடித்தன. டீசல் எஞ்சின் வந்த பிறகு பயணிகள் குடித்தார்கள்.

பதினேழு வருடம் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் சொர்ணாம்பாள்.

கணவர் கல்குவாரியில் இறந்த இரண்டாம் மாதம், 1987இல், இருபத்தெட்டாவது வயதில், கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தார். முதலில் கோடைக்கு மட்டும் என்றார்கள். பிறகு வருடம் முழுக்க ஆயிற்று. பார்ட் டைம் என்று பெயர். காலை ஐந்தரை மணி வண்டிக்கு முன்னால் ஆறு பானை நிரம்பியிருக்க வேண்டும். வண்டி நிற்பது நாலு நிமிடம். நீள மூக்கு வைத்த செம்போடு பெட்டி பெட்டியாக ஓடி, ஜன்னலுக்கு வெளியே நீளும் பாட்டில்களிலும் கூஜாக்களிலும் உள்ளங்கைகளிலும் ஊற்றுவார். வண்டி போனதும் பிளாட்பாரம் பெருக்குவது, விளக்குக் கண்ணாடி துடைப்பது, தீயணைக்கும் வாளிகளில் மணல் மாற்றுவது. மாதக் கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார். அவர் ரயில்வேயில் இருந்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஆதாரம் அந்தச் சீட்டுகள் மட்டும்தான்.

2004 கோடையில் பாதையை அகலமாக்குவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். ஏரிநத்தம் ரோட்டில் பாதை ஒரு பெரிய வளைவாக வந்து போகும். அகலப் பாதைக்கு அந்த வளைவு ஆகாது என்று எழுநூறு மீட்டர் தெற்கே நேர்கோடாகப் போட்டார்கள். ஸ்டேஷன் வெளியே விழுந்தது. ஒரு நாள் லாரி வந்தது. மணி, கடிகாரம், எடை மிஷின், பெஞ்சு, மூட்டை மூட்டையாகப் பதிவேடுகள். சாக்கு பற்றாமல் போனபோது ஏரிநத்தத்துக்கு ஓடிப்போய் நாலு சாக்கு வாங்கி வந்ததும், மூட்டைகளின் வாயைக் கட்டிக் கொடுத்ததும் சொர்ணாம்பாள்தான். கையெழுத்துப் போட்ட பதினேழு வருடச் சீட்டுகளும் அந்த மூட்டைகளில் போயின. அவை எங்கே போயின என்பதை அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் சேர்ந்தார். மகள் அன்புக்கரசி அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சொர்ணாம்பாளுக்கு மண் கரைக்கும் தொட்டியில் வேலை. வேலை இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள்.

2007இல் ஒரு ஜீப் வந்தது. பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் குழு. நாலு பேர், மூன்று கேமரா. தலைவியாக வந்தவர் துர்கா என்ற இளம் இன்ஜினீயர். இந்த ஸ்டேஷனைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று கிராமத்தில் கேட்டபோது எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். இரண்டு நாள் சொர்ணாம்பாள் அவர்களோடு சுற்றினார். எந்தத் தூணில் பழைய கம்பெனியின் முத்திரை இருக்கிறது, கிணற்றில் எத்தனை உறை, டிக்கெட் ஜன்னலின் சலவைக்கல் எந்த வருடம் உடைந்தது, எல்லாம் சொன்னார். துர்கா விடாமல் எழுதிக்கொண்டார். வாசலின் உயரம் படத்தில் தெரிய வேண்டும் என்று அவரைக் கதவருகே நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

கிளம்பும்போது சொர்ணாம்பாள் கேட்டார்.

“நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டீங்களே, நான் இங்க வேலை பாத்தேன்னும் ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா.”

துர்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. “நாங்க கட்டடத்துக்குத்தாம்மா குடுக்க முடியும். ஆளுங்களுக்கு எங்களால குடுக்க முடியாது.”

மூன்று மாதத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு நீலப் பலகை வந்தது. பாரம்பரியக் கட்டடம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருந்தது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடினார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் மங்கலம்பேட்டை அமீனுதீன் சைக்கிளில் தேடி வந்தார். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர். ரயில் நின்றதும் வேப்பூர் ஹைவேக்குக் கடையை மாற்றிக்கொண்டவர். அவரிடம் டீ குடித்த ரயில்வேக்காரர் ஒருவர் சொன்ன சேதியைக் கொண்டுவந்திருந்தார். மூடிய ஸ்டேஷன்களில் பத்து வருடத்துக்கு மேல் பார்ட் டைமாக இருந்தவர்களைக் கூப்பிட்டு நிரந்தர வேலை தரப்போகிறார்கள். ஜூலை 31 கடைசி நாள்.

“அறுவது வயசு வரைக்கும் வேலை. அப்பறம் பென்ஷன். கொளஞ்சியப்பர் குடுத்தாரோ அல்லா குடுத்தாரோ, வாங்கிக்க தங்கச்சி,” என்றார். “பதிவேடு இல்லாதவங்க, அப்ப இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து வாங்கியாரணுமாம். அது ஒண்ணுதான் வேணும். நம்ம பாலகிருஷ்ணன் சாரு போட மாட்டாரா இன்னா?”

பாலகிருஷ்ணன் கடைசிப் பதினோரு வருடம் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வுபெற்று விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்தில் வீடு கட்டியிருந்தார். போடமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் அல்ல. காய்ச்சல் என்று சொர்ணாம்பாள் வராத நாளில் தானே இரண்டு பானை இறைத்து வைத்த மனிதர்.

சொர்ணாம்பாள் அன்று மாலையே போனார். வீட்டில் பூட்டு. மறுவாரம் போனார், பூட்டு. மூன்றாம் முறை பூட்டு இருந்தது, உள்ளே ஃபேன் ஓடுவதுபோல் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், “நேத்து கூட லைட்டு எரிஞ்சுதே” என்றார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மே முடிந்து ஜூன் பிறந்தது.

இந்தப் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்களுக்குக் கடைசியாகப் போக ஓர் இடம் உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். கோர்ட்டில் கொடுப்பதுபோல அங்கே மனு எழுதி சாமியிடம் கொடுக்கலாம். பிராது கட்டுவது என்பார்கள். குறை என்ன, எதிராளி யார், எந்த ஊர், எல்லாம் தாளில் எழுதி, விபூதியோடு பொட்டலமாக்கி முனியப்பர் சன்னிதியில் வேலில் கட்டவேண்டும். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்த்துவைக்கும். தீர்ந்ததும் வந்து, பிராது முடிந்தது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கடன் வாங்கி ஏமாற்றியவன், கைவிட்டுப் போன புருஷன், வரப்பை நகர்த்திய பங்காளி, எல்லோர் மீதும் அங்கே பிராது உண்டு.

வெள்ளிக்கிழமை. வரிசையில் இருபது முப்பது பேர். சொர்ணாம்பாள் முறை வந்தபோது எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்.

“எதிராளி யாரு?”

“ரயில்வேங்க.”

அவர் நிமிர்ந்தார். “ரயில்வேன்னா?”

“ரயில்வேதாங்க. ஸ்டேஷன மூடிட்டாங்க. நான் வேலை பாத்த சீட்டெல்லாம் லாரில ஏத்திட்டாங்க. எங்க இருக்குதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

“அது சரிம்மா. சாமி யாரப் போயி கேக்கும்? ஆளு பேரு வேணும், ஊரு வேணும். தண்டவாளத்தையா போயி கேக்கும்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “தண்டவாளத்தையும் புடுங்கிட்டாங்களாமே” என்றது ஒரு குரல். “ஏம்மா, வெரசா சொல்லும்மா. என் மாடு களவு போயி நாலு நாளாவுது. நீ முடிக்கறதுக்குள்ள அவன் வித்துத் தின்னுடுவான்,” என்றார் முதுகோடு ஒட்டி நின்ற பால்காரர்.

“லாரில ஏத்தினது யாரு?”

“தெரியலீங்க.”

“உத்தரவு போட்டது?”

“தெரியலீங்க.”

“அந்த ஆபீசுல யாரு பேராச்சும் தெரியுமா உனக்கு?”

ரயில்வேயில் அவருக்குப் பெயரும் ஊரும் தெரிந்த ஆள் ஒரே ஒருவர். முதுகில் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது.

“பாலகிருஷ்ணனுங்க. ஸ்டேஷன் மாஸ்டரு. விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம். ஆனா அவுரு நல்லவருங்க.”

“நல்லவருன்னா எதுக்கும்மா பிராது? அவுரு உனக்கு என்னா செய்யணும்?”

“கையெழுத்துப் போடணும். மூணு வாட்டி போனேன். பூட்டி இருக்குது.”

எழுதுகிறவருக்கு அது போதும். தினம் எழுதிப் பழகிய கை. மேற்படி எதிராளி என் பிழைப்புக்கான சான்றிதழில் கையொப்பமிடாமல் மறைந்துகொண்டு என்னை அலைக்கழிக்கிறார் என்று எழுதி, ஒரே மூச்சில் படித்துக் காட்டினார்.

“மறைஞ்சிக்கிட்டுன்னு போடாதீங்க.”

“பூட்டி இருக்குதுன்னு நீதான சொன்ன? கையெழுத்துப் போடு. அடுத்த ஆளு வா.”

இரவுச் சோற்றின்போது மகளிடம் சொன்னார். அன்புக்கரசி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“யாரு பேர குடுத்த?”

“சாரு பேர.”

“அம்மா! அவுரு கையெழுத்துதான நமக்கு வேணும்! அவுரு மேலயா கட்டுவாங்க?”

“பேரு கேட்டாங்க. வேற யாரு பேரும் எனக்குத் தெரியலடி.”

“நாளைக்கே போயி எடுத்துட்டு வா.”

“கொற தீராம எடுக்கக் கூடாதுடி. எடுத்தா நம்ம பக்கமே திரும்பும்.”

இதை அன்புக்கரசியாலும் மறுக்க முடியவில்லை. பிராது வேலிலேயே தொங்கியது.

பாலகிருஷ்ணன் மறைந்துகொள்ளவில்லை. கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவம். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு மாதமாக அங்கே இருந்தார்கள். வீட்டில் எரிந்த விளக்கும் ஓடிய ஃபேனும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் உறவுக்காரர் போட்டுவிட்டு அணைக்க மறந்தவை. ஜூன் 20இல் திரும்பினார்கள். 25ஆம் தேதி காலை பல் விளக்கப் போனவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

மறுநாள் அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் சேதி கேட்டு வாசலில் நின்றார். கோயில் வரிசையில் சொர்ணாம்பாளுக்குப் பின்னால் நின்ற அதே ஆள். “சாரு பேருல பிராது ஒண்ணு கெடக்குதுங்களே,” என்றார். பாலகிருஷ்ணனின் மனைவி ஆதிலட்சுமி கையிலிருந்த பால் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இதெல்லாம் தெரியாமல் அடுத்த நாள் சொர்ணாம்பாள் போய் நின்றார். பூட்டு இல்லை. மனம் குளிர்ந்துபோனது. கையில் அன்புக்கரசி டைப் அடித்து வாங்கிவந்த சான்றிதழ். கேட்டைத் திறக்கப்போனவரை ஆதிலட்சுமியின் குரல் நிறுத்தியது.

“அங்கியே நில்லு.”

“அம்மா, சாரு இருக்காருங்களா?”

“இருக்காரு. நீ கட்டினியே, அதுக்கு ஏத்தாப்புல இருக்காரு. வாய் கோணி, எச்சி ஒழுகிக்கிட்டு இருக்காரு. பாக்கறியா?”

சொர்ணாம்பாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நான் கெடுதலா நெனச்சி கட்டலம்மா. பேரு கேட்டாங்க...”

“பதினோரு வருஷம் சொர்ணம், சொர்ணம்னு கூப்ட்டாரே. எங்க வூட்டுத் தீவாளிப் பலகாரம் உங்க வூட்டுக்கு வராம இருந்திருக்குதா? நாங்க எங்க இருக்கம்னு விசாரிச்சி ஒரு கடுதாசி போடக் கூடாது? நேரா சாமிகிட்டயா போவ?”

 எந்தப் பதிலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று அவருக்கே பட்டது. சாமி செய்யவில்லை என்று சொன்னால் சாமிக்கு அடுக்காது. சாமி செய்தது என்றால் செய்யச் சொன்னது அவரேதான்.

“போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வா. அப்பறம் படி ஏறு,” என்று உள்ளே போனார் ஆதிலட்சுமி.

கோயிலில் அதே எழுதுகிறவர். அன்று கூட்டம் இல்லை.

“தீந்துடுச்சா?”

“தீரலீங்க.”

“தீராம எப்பிடிம்மா ராஜினாமா?”

“அவுருக்குக் கையி விழுந்துடுச்சுங்க.”

எழுதுகிறவர் ஒரு தாளை எடுத்து வைத்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வாசகத்தை எழுதினார். என் குறை தீர்ந்து மனநிறைவு அடைந்ததால் மேற்படி பிராதை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். சொர்ணாம்பாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராஜினாமா ஆன பிறகும் பாலகிருஷ்ணன் எழுந்துகொள்ளவில்லை. ஆதிலட்சுமி படி ஏறவிட்டார், காகிதத்தை நீட்ட விடவில்லை. டாக்டர் அலட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், கொஞ்சம் தெளியட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொர்ணாம்பாளும் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவது? வாரம் இரண்டு முறை போய் வாசல் நடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஜூலை முதல் வாரம் போயிற்று. இரண்டாவது போயிற்று. பட்டறையில் அன்புக்கரசி தேதியை விரலில் எண்ணிக்கொண்டே கண் எழுதினாள். கோணிப்போன பொம்மைகளுக்குத் திட்டும் வாங்கினாள்.

ஜூலை 30 மாலை ஆதிலட்சுமியே கூப்பிட்டார். “நாளைக்குத்தான கடைசி? வா உள்ள.”

பாலகிருஷ்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். சான்றிதழை அன்புக்கரசி படித்துக் காட்டினாள். 1993 முதல் 2004 வரை என் பார்வையில் என்று வந்த இடத்தில் அவர் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். வாயிலிருந்து குழறலாக வந்ததை ஆதிலட்சுமி புரிந்து சொன்னார். “அதுக்கு முந்தியும் இருந்தாள்னு எழுதச் சொல்றாரு. எம்பத்தேழுலேருந்து.”

மறுபடி டைப் அடிக்க நேரம் இல்லை. அட்டையை மடியில் வைத்து, வலது கையில் பேனாவைச் செருகி, மேலே ஆதிலட்சுமி தன் கையை வைத்துப் பிடித்தார். பேனா உருண்டு போர்வையில் விழுந்தது. இடது கையில் கொடுத்தார்கள். தாளில் ஒரு கிறுக்கல் விழுந்தது. பாம்பு போன தடம்போல இருந்தது. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஆதிலட்சுமி மை டப்பாவை எடுத்து அவர் இடது கட்டை விரலைப் பிடித்து, கிறுக்கலுக்குக் கீழே ஒற்றினார். முப்பத்தாறு வருடம் ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனு கொடுக்கவேண்டிய ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே முந்நூறு பேர் நின்றார்கள். அம்மாவும் மகளும் ஜன்னலை அடைந்தபோது மணி மூன்று இருபது. கிளார்க் நல்ல மனிதர்தான். தாளை இரண்டு முறை படித்தார். பழைய கோப்பிலிருந்து பாலகிருஷ்ணனின் மாதிரிக் கையெழுத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்.

“இது அவுரு கையெழுத்து இல்லியேம்மா.”

“கையி விழுந்துடுச்சு சார். அவுரு வெச்ச ரேகை அது.”

“ஸ்டேஷன் மாஸ்டரு கைநாட்டு வெச்சாருன்னு நான் மேல அனுப்ப முடியுமா? அரசாங்க டாக்டரு முன்னால வெச்சி, அவுரு சீல் போட்டிருந்தா செல்லும்.”

“அது எங்களுக்குத் தெரியாதே சார். நாளைக்கு வாங்கியாந்துடறோம்.”

“இன்னைக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட மூடிடுவாங்கம்மா. நான் என்னா பண்ணட்டும், சொல்லு. இந்தப் பொண்ணையே கேளு.”

அன்புக்கரசி தாளை மறுபடியும் ஜன்னலுக்குள் நகர்த்தினாள். மனுவை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் சிவப்பு மையில் சான்று செல்லாது என்று எழுதி, ரசீது கொடுத்தார் கிளார்க். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் ஜன்னலுக்குள் கையை நீட்டிவிட்டார். இருவரும் விலகிக்கொண்டார்கள்.

நேரில் சொல்லவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சொர்ணாம்பாள் பாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார். ஆதிலட்சுமிக்கு வாசலிலேயே முகம் பார்த்துத் தெரிந்துவிட்டது.

“வேற வழி ஒண்ணும் இல்லியாமா?”

“இல்லம்மா. தேதிதான் முடிஞ்சிபோச்சே.”

“உன் பொண்ணு போன்ல ரேகை ஆவாதுன்னு சொன்னத மட்டும் அவருகிட்ட சொன்னேன். தேதி போனத சொல்லல,” என்றார் ஆதிலட்சுமி மெதுவாக. “நாலு நாளா சோறு எறங்குது. வந்து பாரு ஏன்னு.”

பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை. இடது கையில் பேனா. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதியிருந்தார். நாற்பது, ஐம்பது இருக்கும். முதல் தாளில் வெறும் கோடுகள். கடைசித் தாளில் இரண்டு மூன்று எழுத்துகள் உருவம் பெற்றிருந்தன. சொர்ணாம்பாளைப் பார்த்ததும் அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

“இ... து... ஆ... வுமா, சொர்... ணம்?”

சொர்ணாம்பாள் கதவருகே நின்ற ஆதிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத எழுத்து நல்லா வந்திருக்குதுங்க சார்,” என்றார் சொர்ணாம்பாள். “கடைசிலதான் இன்னும் கொஞ்சம் நேரா வரணும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளுக்குக் கையை நீட்டினார்.